அழுத்தியது நான்தான்

என் அலுவலகக் கணினிக்குள் திருட்டு மென்பொருளை வரவழைத்தது நான். வேறு யாரும் இல்லை. நடந்த அன்று மாலையே அது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதால் ஒரு மஞ்சள் வியாபாரியின் பணம் போனது. அவர் வந்து கேட்டபோது, என்னிடம் வேலை பார்த்த பெண்ணின் மேல் பழி விழும்படி பேசினேன். ஏமாந்ததை யாரும் மன்னித்துவிடுவார்கள். மற்ற இரண்டும் நான் தெரிந்தே செய்தவை. அவற்றை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஈரோட்டில் வரி ஆலோசகராகத் தொழில் செய்கிறேன். மஞ்சள் மண்டிக்காரர்கள், ஜவுளிக் கடைக்காரர்கள், எண்ணெய்ச் செக்கு வைத்திருப்பவர்கள் என்று எல்லாமே சின்னச் சின்னப் பார்ட்டிகள். அவர்களுடைய ஜிஎஸ்டி ரிட்டர்ன், இ-வே பில், வருமான வரி எல்லாம் எங்கள் அலுவலகத்தில்தான் நடக்கும். 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி. கடைசி நேரத்தில் ஒவ்வொருவரையும் போனில் பிடித்துக் கடவுச்சொல் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அதனால் எல்லாருடைய பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஒரு எக்செல் கோப்பில் இருக்கும். பாதி குரோமிலேயே சேமித்தும் இருக்கும். தன் கணக்கின் கடவுச்சொல் என்ன என்று தனக்கே தெரியாத பார்ட்டிகள் பலர். 'சாரிடம் இருக்கும்' என்பதோடு அவர்கள் நிம்மதியாகிவிடுவார்கள். என் தொழிலே அந்த நிம்மதியின் மேல்தான் நிற்கிறது.

20ஆம் தேதி நெருங்கிய ஒரு பிற்பகல். ஒரு பார்ட்டியின் வங்கி ஸ்டேட்மென்ட் பிடிஎஃப்பாக வந்திருந்தது. அதை எக்செல்லாக மாற்றினால்தான் டேலி கணக்கு மென்பொருளில் ஏற்ற முடியும். வழக்கமாக மாற்றித் தரும் தளம் அன்றைய இலவச அளவு முடிந்துவிட்டது என்றது. கூகுளில் தேடி வேறொரு தளத்தைத் திறந்தேன். பக்கம் முழுதாக வருவதற்குள் நடுவில் ஒரு கட்டம் வந்து நின்றது. நீங்கள் மனிதர்தான் என்பதை உறுதிசெய்யுங்கள் என்று ஆங்கிலத்தில் எழுதி, பக்கத்தில் டிக் செய்ய ஒரு சதுரம். டிக் செய்தேன். கட்டம் பெரிதாகி மூன்று படிகளைக் காட்டியது. விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்துங்கள். அடுத்து கண்ட்ரோலும் வியும். அடுத்து என்டர்.

மூன்றையும் செய்தேன். ஒரு கறுப்பு ஜன்னல் தோன்றி உடனே மறைந்தது. பக்கம் திறக்கவில்லை. இந்தத் தளம் சரியில்லை என்று மூடிவிட்டு இன்னொன்றைத் தேடிப் போனேன்.

அந்த மூன்று படிகளும் என்ன செய்கின்றன என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். சதுரத்தில் டிக் செய்த நொடியிலேயே அந்தப் பக்கம் ஒரு கட்டளை வரியை நமக்குத் தெரியாமல் கணினியின் கிளிப்போர்டில் நகலெடுத்து வைத்துவிடுகிறது. விண்டோஸும் ஆரும் சேர்ந்தால் 'ரன்' என்ற சிறு பெட்டி திறக்கும். அந்தப் பெட்டி உலாவிக்குச் சொந்தமானது இல்லை, விண்டோஸுக்குச் சொந்தமானது. கண்ட்ரோல் வி அந்தக் கட்டளையை அதில் ஒட்டுகிறது. என்டர் அதை ஓட்டுகிறது. அது எங்கோ இருக்கிற ஒரு முகவரியிலிருந்து நிரலை இழுத்து வந்து கணினிக்குள் வைக்கிறது. பெட்டி சிறியது என்பதால் ஒட்டிய வரியின் கடைசிப் பகுதி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். அந்தக் கடைசிப் பகுதியில் 'நான் ரோபோ அல்ல, சரிபார்ப்பு எண் இன்னது' என்பது போல ஒரு வாசகத்தைச் சேர்த்து வைத்திருப்பார்கள். அதைப் பார்த்து நமக்குச் சந்தேகமே வராது. உண்மையான கட்டளை இடப்பக்கம் மறைந்து கிடக்கும். உலாவி எச்சரிக்க வழியில்லை, ஏனென்றால் எதையும் அதன் வழியாகப் பதிவிறக்கவில்லை. வைரஸ் தடுப்பு மென்பொருளும் பல நேரம் விட்டுவிடுகிறது, ஏனென்றால் கணினியின் உரிமையாளரே தன் கையால் கட்டளை கொடுத்திருக்கிறார்.

கணினிப் பாதுகாப்புத் துறையினர் இதை 'கிளிக்ஃபிக்ஸ்' என்கிறார்கள். 2024இலிருந்து உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. இப்படி உள்ளே வருகிற நிரல்களில் பெரும் பெயர் வாங்கியது 'லும்மா'. உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், குக்கீகள், ஆவணங்கள் எல்லாவற்றையும் அள்ளி அனுப்பிவிடும். அதை எழுதியவர்கள் மற்ற திருடர்களுக்குச் சந்தா அடிப்படையில் விற்றார்கள். 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட் நீதிமன்ற உத்தரவு வாங்கி, அதற்குப் பயன்பட்ட சுமார் 2,300 இணைய முகவரிகளை முடக்கியது. அதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் மட்டும் 3,94,000 விண்டோஸ் கணினிகளில் அது இருந்ததாகக் கணக்குச் சொன்னது. குக்கீ போவது கடவுச்சொல் போவதைவிட மோசம். ஏற்கெனவே உள்ளே நுழைந்திருக்கிற நம் மின்னஞ்சல் கணக்கின் அனுமதிச் சீட்டு அது. அதை வைத்திருப்பவனிடம் கடவுச்சொல்லும் கேட்காது, ஓடிபியும் கேட்காது.

படித்தவன், கணினியோடு வாழ்கிறவன், ஏன் செய்தேன்? ஒரு காரணம் இருக்கிறது. அது என் குற்றத்தைக் குறைக்காது. ஆனாலும் அதைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அதே பழக்கம் இதைப் படிப்பவர்கள் கையிலும் இருக்கிறது.

நீ மனிதனா என்று இணையதளங்கள் நம்மைக் கேட்கத் தொடங்கி கால் நூற்றாண்டு ஆகிறது. இலவச மின்னஞ்சல் கணக்குகளை நிரல்கள் ஆயிரக்கணக்கில் திறந்து குப்பை அஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மானுவல் பிளமும் அவருடைய மாணவர் லூயிஸ் ஃபான் ஆனும் கூட்டாளிகளும் கோணல்மாணலான எழுத்துகளைக் காட்டித் தட்டச்சு செய்யச் சொல்லும் சோதனைகளை உருவாக்கினார்கள். கேப்ட்சா என்று பெயரும் வைத்தார்கள். 2007இல் வந்த ரீகேப்ட்சா அதையே ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்படுத்தியது. பழைய நியூயார்க் டைம்ஸ் இதழ்களை வருடிப் படமாக்கியபோது கணினியால் படிக்க முடியாமல் போன சொற்களை நம்மிடம் காட்டியது. அந்தச் சோதனையை நிரப்பிய ஒவ்வொருவரும் தெரியாமலே ஒரு பழைய நாளிதழை மீட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்த யோசனையை இன்றைக்கும் மதிக்கிறேன். 2009இல் கூகுள் அதை வாங்கியது. பிறகு வீட்டுக் கதவு எண்கள் வந்தன, போக்குவரத்து விளக்குகள் வந்தன, பேருந்துகள் வந்தன.

2014 டிசம்பரில் வந்த மாற்றம்தான் என்னைப் பொறுத்தவரை முக்கியமானது. 'நான் ரோபோ அல்ல' என்று ஒரே ஒரு சதுரம், அதில் ஒரு டிக். பின்னணியில் நம் நடத்தையைப் பார்த்து அது முடிவு செய்துகொள்ளும். சந்தேகம் வந்தால்தான் படம் காட்டும். நமக்கு வேலை மிச்சம். ஆனால் அதுவரை எழுத்தைப் படிக்க வேண்டியிருந்தது, படத்தை உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. சதுரம் வந்த பிறகு படிக்க ஒன்றுமில்லை. கட்டம் வந்தால் கை தானாக அங்கே போகும். ஜிஎஸ்டி தளத்திலும் இ-வே பில் தளத்திலும் ஒவ்வொரு பார்ட்டிக்கும் உள்ளே நுழையும்போது எண்ணோ எழுத்தோ அடித்தாக வேண்டும். கடைசித் தேதி வேலையில் நான் அதைக் கவனித்துச் செய்வதே இல்லை. வாய் போனில் பேசிக்கொண்டிருக்கும், கை அடித்துக்கொண்டிருக்கும். 2023இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாக ஆய்வாளர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்துச் சோதித்தார்கள். இந்தச் சோதனைகளில் பலவற்றை மனிதர்களைவிட நிரல்களே வேகமாகவும் பிழை குறைவாகவும் முடிக்கின்றன என்று கண்டார்கள். நிரல்களைத் தடுப்பதில் அந்தக் கட்டங்கள் பலவீனமாகிவிட்டன. நம்மைக் கீழ்ப்படிய வைப்பதில் அவற்றின் பலம் கொஞ்சமும் குறையவில்லை. திருடர்கள் பயன்படுத்திக்கொண்டது இந்தக் கீழ்ப்படிதலைத்தான்.

ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருந்தால் போதும், நான் தப்பியிருப்பேன். உண்மையான மனிதச் சோதனை எதுவும் உலாவியின் ஜன்னலுக்கு வெளியே நம்மை அனுப்பாது. எழுத்து அடிக்கச் சொல்லும், படம் தேர்ந்தெடுக்கச் சொல்லும், டிக் செய்யச் சொல்லும். எல்லாம் அந்தப் பக்கத்துக்குள்ளேயே முடிந்துவிடும். விண்டோஸ் விசையை அழுத்து, எதையாவது ஒட்டு, ஓட்டு என்று சொன்னால் அது திருட்டு. மேக் கணினியில் டெர்மினலைத் திறந்து ஒட்டச் சொன்னாலும் அதே திருட்டுதான்.

அன்று மாலை ஐந்து மணிக்கு மேல் எனக்கு உறுத்தல் தொடங்கியது. எந்தத் தளமும் இதுவரை என்னை விண்டோஸ் விசையை அழுத்தச் சொன்னதில்லையே என்று தோன்றியது. மறுபடியும் அதே இரண்டு விசைகளை அழுத்தினேன். ரன் பெட்டி கடைசியாக ஓட்டிய கட்டளையை நினைவில் வைத்திருக்கும். நான் ஒட்டிய வரி அப்படியே இருந்தது. இடப்பக்கம் நகர்த்திப் பார்த்தேன். பவர்ஷெல் என்று தொடங்கியது. நடுவில் கேள்விப்பட்டிராத ஒரு இணைய முகவரி. எனக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆனால் அந்த வரி எதையோ எங்கிருந்தோ இறக்கி ஓட்டியிருக்கிறது என்று புரிந்துகொள்ள அந்த அறிவு தேவையில்லை.

அடுத்து நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. கைபேசியை எடுத்து, என் சொந்த வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினேன். மனைவியின் கணக்கின் கடவுச்சொல்லையும் மாற்றினேன். பிறகு கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

ஆபத்து எவ்வளவு என்று எனக்குத் தெரியாமல் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். என் பணத்தைக் காப்பாற்றத் தெரிந்தது. அந்த எக்செல் கோப்பில் இருந்த மற்றவர்கள் யாருக்கும் ஒரு செய்தி அனுப்பவில்லை. 'என் கணினியில் பிரச்சினை, என் பெயரில் எந்த மெயில் வந்தாலும் எனக்குப் போன் செய்து கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள்' என்று வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வரி போட்டிருந்தால் போதும். குழு ஏற்கெனவே இருந்தது. கடைசித் தேதிகளை அதில்தான் நினைவூட்டுவேன். அன்றிரவும்கூட 3பி நினைவூட்டலை அதில் போட்டேன். அதை மட்டும்தான் போட்டேன்.

கணினித் தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022இல் உத்தரவு போட்டபோது, அதைப் பார்ட்டிகளுக்கு விளக்கிச் சொன்னவன் நான். ஆறு மணி நேரம் என் வீட்டில் சாப்பிட்டு, டிவி பார்த்து, தூங்காமல் புரண்டதில் போனது. காலையில் சொல்லலாம் என்று நினைத்தேன். காலையில் 3பி முடியட்டும் என்று நினைத்தேன். ஒன்றும் ஆகாமல் போய்விடும் என்றும் ஒரு ஆசை இருந்தது. ஆனால் அடியில் இருந்தது ஒரே காரணம். சொன்னால் பார்ட்டிகள் போய்விடுவார்கள். இருபது வருடத்துக்கு மேல் சேர்த்த பெயர். 'சார் கவனமாக இருப்பார்' என்ற அந்தப் பெயரைக் காப்பாற்ற, அந்தப் பெயரை நம்பியவர்களை விட்டுக்கொடுத்தேன்.

பணத்தை இழந்த அந்த மஞ்சள் மண்டிக்காரருக்கு எழுபது வயதிருக்கும். நான் தொழில் தொடங்கியபோது என்னை நம்பி முதலில் கணக்கைக் கொடுத்தவர்களில் ஒருவர். மாதாமாதம் கட்ட வேண்டிய வரியை எழுதி அவருக்கு மெயில் போடுவேன், அவர் மகன் என் கணக்குக்குப் பணம் அனுப்புவார், நான் சலான் போட்டுக் கட்டிவிடுவேன். அந்த மாதமும் மெயில் போனது. என் முகவரியிலிருந்துதான் போனது. முந்தைய மாதம் நான் எழுதிய அதே வாசகம், அதே வணக்கம். வங்கிக் கணக்கு எண் மட்டும் வேறு, கணக்கை மாற்றிவிட்டேன் என்று ஒரு வரி கூடுதல். மகன் 1,40,000 ரூபாய் அனுப்பிவிட்டார். மெயில் அனுப்பியவன் அதை என் 'அனுப்பியவை' பகுதியிலிருந்தும் அழித்துவிட்டான். வரிப் பணம் இன்னும் வரவில்லையே என்று நான் போன் செய்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

அவர்கள் இணையவழிப் பண மோசடிகளைப் புகார் செய்யும் 1930 எண்ணுக்குப் போன் செய்தார்கள். பணம் போன சில மணி நேரத்துக்குள் சொன்னால், போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் கொடுத்து அதை நிறுத்திவைக்க வழி இருக்கிறது. அந்த எண் இருப்பதே அதற்காகத்தான். ஆனால் பணம் போய் இரண்டு நாள் ஆகிவிட்டது. அந்தக் கணக்கில் ஒன்றுமில்லை. வேறு கணக்குகளுக்கு மாறி, அங்கிருந்தும் மாறியிருந்தது.

மறுநாள் பெரியவர் மகனோடு அலுவலகத்துக்கு வந்தார். கோபமாகப் பேசவில்லை. "என்ன தம்பி ஆச்சு? உங்க மெயில்ல இருந்துதானே வந்துது?" என்று மட்டும் கேட்டார். அப்போது நான் சொன்ன பதில் எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "கம்ப்யூட்டர்ல வைரஸ் வந்திருக்குங்க. அந்தப் புள்ள எதையாச்சும் டவுன்லோட் பண்ணியிருக்கும், விசாரிக்கிறேன்."

அவள் அடுத்த அறையில் ரசீதுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது.

பி.காம். முடித்துவிட்டு வந்தவள். சென்னிமலைப் பக்கம், அப்பா தறி நெய்கிறவர். நான் அந்த விசைகளை அழுத்திய பிற்பகலில் அவள் அலுவலகத்திலேயே இல்லை. சலான் கட்ட வங்கிக்கு அனுப்பியதே நான்தான். அவர்கள் போன பிறகு அவளைக் கூப்பிட்டு, "எதையாச்சும் டவுன்லோட் பண்ணுனியாம்மா?" என்று வேறு கேட்டேன். அது அவளிடம் உண்மையை அறியக் கேட்ட கேள்வி இல்லை. நானே நம்பத் தொடங்குவதற்காகக் கேட்டது. "இல்லீங்க சார்" என்றாள். நம்பாதவன் மாதிரி தலையாட்டினேன். அதற்கடுத்த வாரங்களில் சில பார்ட்டிகள் அவளிடம் ஆவணம் கொடுக்கத் தயங்கியதை நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள். மாத முடிவில், வீட்டில் வரச் சொல்கிறார்கள் என்று வேலையை விட்டு நின்றாள். நான் நிறுத்தவில்லை. அவள் போனதில் எனக்கு ஒரு ஆசுவாசம் இருந்தது. அதையும் மறைக்க விரும்பவில்லை.

கணினியைச் சுத்தம் செய்ய வந்த இளைஞர் ரன் பெட்டியைத் திறந்து அந்த வரியைப் பார்த்தார். "இதை யாரோ கையால ஒட்டி ஓட்டியிருக்காங்க சார், தானா வராது" என்றார். அவரிடமும் நான் வாய் திறக்கவில்லை. ஆனால் அவர் அன்று சொல்லிக்கொடுத்தவை சரியானவை, ஆகவே எழுதுகிறேன். இப்படி நடந்துவிட்டால் முதலில் இணைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும். கடவுச்சொற்களை அந்தக் கணினியிலேயே மாற்றினால் புதியதும் திருடன் கைக்குப் போய்விடும். வேறு கைபேசியிலிருந்தோ கணினியிலிருந்தோதான் மாற்ற வேண்டும். மின்னஞ்சல் கணக்கை முதலில் மாற்ற வேண்டும், ஏனென்றால் மற்ற கணக்குகளின் கடவுச்சொல்லை மீட்கும் வழி அதுதான். மாற்றியதோடு நில்லாமல் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியைப் பயன்படுத்தினால்தான் திருடிய குக்கீ செல்லாமல் போகும். கணினியை முழுக்க அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவுவதுதான் உறுதியான வழி. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பாதிக்கப்படக்கூடியவர்களிடம் சொல்ல வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை. அதை நான் செய்திருப்பேன் என்று நினைத்திருப்பார்.

உண்மையைச் சொன்னது, ஆண்டுக் கணக்கு முடிக்க மண்டிக்காரர் வந்தபோதுதான். அவளைப் பற்றி விசாரித்தார். "பாவம், தெரியாம பண்ணியிருக்கும், வேலைய விட்டு எடுத்திருக்க வேண்டாம் தம்பி" என்றார். பணத்தை இழந்தவர், தன் பணம் போனதற்குக் காரணம் என்று அவர் நம்பியவளுக்காக என்னிடம் பரிந்து பேசுகிறார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. உட்கார வைத்து முழுதும் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பணத்த விடுங்க, அந்தப் புள்ளகிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டார்.

சென்னிமலைக்குப் போனேன். அவள் அப்பாவின் முன்னால் சொன்னேன். அவள் மீது எந்தத் தவறும் இல்லை என்று அலுவலகத் தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். வாங்கிப் படித்துவிட்டு, "இதை மண்டிக்காரர் முன்னாடியும் சொல்லணும் சார், வாட்ஸ்அப் குரூப்லயும் போடணும்" என்றாள். அவள் கேட்டது நியாயம். மண்டியில், அவர் மகனும் கணக்குப்பிள்ளையும் இருக்கும்போது சொன்னேன். குழுவிலும் நடந்தது முழுவதையும் எழுதினேன். நான்கு பார்ட்டிகள் கணக்கை வேறிடத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். கேட்டவுடன் கோப்புகளைக் கொடுத்துவிட்டேன்.

எக்செல் கோப்பை அழித்துவிட்டேன். கடவுச்சொற்களை மறையாக்கம் செய்து பூட்டி வைக்கும் மென்பொருள் ஒன்றில் வைத்திருக்கிறேன். உலாவியில் எதையும் சேமிப்பதில்லை. வங்கிக் கணக்கு எண் மாறினால் நேரில் மட்டுமே சொல்வேன் என்று எல்லாருக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மண்டிக்காரருக்குப் பாதிப் பணம் கொடுத்தாகிவிட்டது. வேண்டாம் என்றார், மகன் கணக்கில் போட்டேன். மீதியைத் தீபாவளிக்குள் முடிப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

அவள் இப்போது பெருந்துறையில் வேறொரு அலுவலகத்தில் இருக்கிறாள். சேரும்போது, பழைய இடத்தை ஏன் விட்டாய் என்று கேட்டார்களாம். என்ன சொன்னாய் என்றேன். "வீட்ல பிரச்சனைன்னு சொல்லிட்டேன் சார். வேற என்ன சொல்றது?" என்றாள். அவளுடைய சம்மதம் கேட்டு, அந்த அலுவலகத்துக்கும் உண்மைக் காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறேன்.